இறால் கண் தணல் ஏன் மங்குது? பூச்சிக் கண்ணுக்குள்ள ராவும் பகலும் நடக்கிற வேலை

நாவற்குடாத் தோணி | இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். முந்தநாள் ராவு பெரியப்பாவோட ஆத்துக்குப் போனன். ஹெட் லைட் அடிச்சா கரையோரத் தண்ணிக்குள்ள இறால் கண்ணெல்லாம் தணல் மாதிரி எரியுது. நம்மட ஆக்கள் எல்லாருக்கும் இது தெரிஞ்ச விசயம். எனக்குப் புதுசாப் பட்டது வேற. பிடிச்ச இறால்ல கொஞ்சத்தைத் தண்ணியோட வாளிக்குள்ள விட்டு, பக்கத்தில லாம்பு வெச்சிருந்தம். கொஞ்ச நேரம் கழிய அதே டோர்ச்சை அடிச்சுப் பாத்தா, உயிரோட நீந்துது, ஆனா கண்ணில தணல் இல்ல. "வெளிச்சத்தைக் குடிச்சிட்டு மனே" எண்டார் பெரியப்பா. மறுகா வீட்ட வந்து, வாசல் பல்புக்கு வந்த பெரிய விட்டிலுக்கும் அடிச்சன். இருட்டுக்குள்ள இருந்து வந்த கையோட கண் மின்னுது, பல்புக்குக் கீழ இருந்து கொஞ்ச நேரம் போனா மின்னல் இல்ல.

இறால் தண்ணிக்குள்ள, விட்டில் மரத்தில. ரெண்டுக்கும் ஏன் ஒரே மாதிரி?

கல்லடி டீச்சர் | இரவு 11.15

தம்பி, நீங்க பாத்திரிக்கிறது 130 வருசத்துக்கு முதல் ஒருத்தர் பாத்துப் புத்தகமாவே எழுதின விசயம். வியன்னாவைச் சேர்ந்த சிக்மண்ட் எக்ஸ்னர் 1891இல பூச்சிகள்ட, நண்டு இறால்கள்ட கூட்டுக்கண்ணைப் பத்தி, அதாவது பல சின்னக் கண்கள் சேர்ந்த கண்ணைப் பத்தி, ஒரு பெரிய நூல் எழுதினார். விட்டில், இறால் மாதிரி ராவில திரியிற சீவன்கள்ல பல சிறுவில்லைகளால வாற வெளிச்சம் உள்ளே ஒரே இடத்தில வந்து விழும். ஒரு வில்லைக்குக் கிடைக்கிற வெளிச்சத்தை விடப் பல மடங்கு சேருது. கண்ணுக்கு அடியில தெறிக்கச் செய்யிற படை ஒண்டும் இரிக்கி. நம்மட கண்ணுக்கு வந்து படுற தணல் அங்க இருந்து திரும்பி வாற வெளிச்சம்.

வெளிச்சம் கூடினா, வில்லைகளுக்கிடையில இரிக்கிற கறுத்த நிறப்பொருள் மணிகள் மெல்ல இடம்பெயர்ந்து, பக்கத்து வில்லையால வாற வெளிச்சத்தை மறிச்சிடும். தெறிப்பு வெளிய வராது, தணல் அணைஞ்சிடும். இருட்டில விட்டா மணிகள் திரும்ப ஒதுங்கும். சன்னலுக்குத் திரை இழுத்து விடுற மாதிரி. எல்லாம் நிமிசக் கணக்கில முடியிற வேலை. பெரியப்பா சொன்னதைக் கொஞ்சம் திருத்தினா, கண் வெளிச்சத்தைக் குடிக்கல்ல, வாசலைச் சாத்திட்டு.

இறாலும் விட்டிலும் ஒரே தீர்வுக்குத் தனித்தனியா வந்திரிக்கி. விட்டில் வெளிச்சத்தை வில்லையால முறிக்குது. இறால் சதுரச் சதுரமான சின்னக் கண்ணாடிச் சுவர்களால தெறிக்க வைக்குது. இறால்ட கண்ணைக் கைவில்லையால பாருங்க, சதுரமாத் தெரியும். விட்டில்ல அறுகோணம்.

ஆனா என்னைக் கேட்டா, இந்தத் திரையை விடப் பெரிய வேலை அதுக்கும் உள்ளே நடக்குது. திரைக்குப் பின்னால இரிக்கிற வெளிச்சம் வாங்குற சவ்வையே அவிழ்த்துக் கட்டுது.

உயர்தரம் அக்கரைப்பற்று | காலை 6.20

டீச்சர், சவ்வை அவிழ்த்துக் கட்டுறதெண்டா? நாங்க படிச்சது கலமென்சவ்வு எண்டா கலத்துக்கு வேலி மாதிரி, எப்பவும் இரிக்கிறது எண்டுதான்.

கல்லடி டீச்சர் | மாலை 4.05

மகள், வேலி எண்ட நினைப்பை முதல்ல விடுவம்.

கூட்டுக்கண் பல கண்ணலகுகளால ஆனது. ஒரு சிறுவில்லையும் அதுக்குக் கீழ இரிக்கிற கலங்களும் சேர்ந்தது ஒரு கண்ணலகு. பழ ஈக்கு ஒரு கண்ணில கிட்டத்தட்ட 750 இரிக்கி. ஒவ்வொண்டுக்கும் எட்டு ஒளிவாங்கிக் கலங்கள். ஒவ்வொரு கலமும் தன்ட ஒரு பக்கத்துச் சவ்வை விரல் விரலா நீட்டி அடுக்கி வெச்சிரிக்கி. நம்மட சிறுகுடல்ல படிச்ச நுண்சடைமுளைகள் மாதிரித்தான், ஆனா இன்னும் நெருக்கம். பல் தூரிகையை நினைச்சுக்கொள்ளுங்க. இந்தத் தூரிகையிலதான் வெளிச்சத்தைப் பிடிக்கிற றொடொப்சின் புரதம் பதிஞ்சிரிக்கி.

வகுப்பில கரும்பலகையில பிள்ளைகளோட சேர்ந்து ஒரு கணக்குப் போடுவன். பழ ஈயின்ட ஒரு கலத்தில 30,000 அளவில சடைமுளைகள். ஒண்டின்ட விட்டம் 60 நனோமீற்றர், நீளம் ஒண்டரை மைக்கிரோமீற்றர் எண்டு வைப்பம். பை தர விட்டம் தர நீளம், அதை 30,000ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 8,500 சதுர மைக்கிரோமீற்றர். அதே கலம் மொழுமொழுவெண்டு 100 மைக்கிரோமீற்றர் நீளமும் 5 மைக்கிரோமீற்றர் விட்டமுமான உருளையா இருந்தா, அதின்ட பக்கப் பரப்பு 1,600ஐக் கூடத் தொடாது. அந்தக் கலம் வெச்சிரிக்கிற சவ்வில பெரும்பங்கு இந்தத் தூரிகைதான். அப்ப இதை வேலி எண்டு சொல்லலாமா? வெளிச்சம் பிடிக்க விரிச்ச வலை இது.

ராவில ஒளித்துணிக்கைகள் அருமை. அப்ப வலை பெரிசா வேணும். பகல்ல அள்ளிக்கொண்டு வரும், பெரிய வலை தேவையில்ல. மெலிஞ்ச தூரிகை எண்டா ஒரு கலம் பாக்கிற கோணமும் ஒடுங்கும், உருவம் கூர்மையாத் தெரியும். வெட்டுக்கிளியில இதை 1980களின்ட தொடக்கத்தில கன்பராவில அளந்து பாத்தாங்க. ராத்திரித் தூரிகையின்ட குறுக்குவெட்டுப் பரப்பு பகலை விட நாலு மடங்குக்கு மேல. அதே வெட்டுக்கிளி, அதே கலம், ஒரே நாள்.

இதை விட ஆச்சரியம் வலைவீச்சுச் சிலந்தி. சிலந்தி பூச்சியில்ல, அது தெரியும், ஆனா சவ்வு விசயத்தில நெருங்கின சொந்தம். இந்தச் சிலந்தி ராவில முன்கால்களுக்கிடையில சின்ன வலையைப் பிடிச்சுக்கொண்டு தொங்கும். கீழ இரை வந்தா நம்மட ஆக்கள் வீச்சுவலை போடுற மாதிரி மேல வீசும். அதுக்கு ரெண்டு ராட்சதக் கண்கள். டேவிட் பிளெஸ்ட் 1978இல காட்டினது என்னெண்டா, விடிஞ்சு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள அந்தக் கண்ணின்ட ஒளிவாங்குச் சவ்வில பெரும்பகுதியை அது அழிச்சுப்போடுது. பொழுது பட்டதும் மளமளவெண்டு திரும்பக் கட்டுது. ஒவ்வொரு நாளும்.

எனக்கு இதை முதல்முதல் வாசிச்ச நாள் இன்னும் ஞாபகம். புத்தகத்தை மூடி வெச்சிட்டு முத்தத்தில போய் நிண்டன். விடியக்காலை வலையை அவிழ்த்து, அந்தியில திரும்ப முடியிற ஒரு மீனவரை நினைச்சுப் பாருங்க. கண் அப்படிச் செய்யிது.

நாவற்குடாத் தோணி | மாலை 4.31

டீச்சர், பெரியப்பாக்கு இதை வாசிச்சுக் காட்டினன். "வலையைக் கழட்டி எங்க வைக்கிது எண்டு கேளு" எண்டார்.

நுளம்பு வேட்டை | களுவாஞ்சிக்குடி | மாலை 6.50

பெரியப்பாட கேள்விக்கு நான் பதில் சொல்லட்டா? நான் டெங்கு வேலையில வீடு வீடாப் போற ஆள். பீப்பாய், பூச்சாடி, கழிச்ச டயர், எங்க தண்ணி தேங்குதோ அங்கெல்லாம் நுளம்புக் குடம்பி தேடுறதுதான் எங்கட வேலை. டோர்ச் அடிச்ச கையோட குடம்பியெல்லாம் நெளிஞ்சு அடிக்குப் போகும். நிழல் விழுந்தாலும் போகும். அப்ப அதுக்குக் கண் தெரியுது எண்டுதானே? தலையில ரெண்டு பக்கமும் கறுத்த பொட்டு மாதிரி இரிக்கிற சின்னக் கண்கள் அது.

டெங்கு நுளம்பின்ட, ஈடிஸ் எஜிப்டியின்ட குடம்பிக் கண்ணிலதான் இந்த விசயத்தை ஆரம்பத்திலேயே வடிவாப் பாத்திரிக்கிறாங்க. வைட், லோர்ட் எண்ட ரெண்டு பேர்ட 1975ஆம் ஆண்டு ஆய்வு அது. வெளிச்சத்தில வெச்ச குடம்பியில சடைமுளைத் தூரிகை சுருங்குது, இருட்டில வெச்சா பெருக்குது. அதுக்கு முதலே, 1968இல, வைட் இலத்திரன் நுணுக்குக்காட்டியால பாத்து, கழட்டின சவ்வு போற இடத்தையும் எழுதியிருந்தார். தூரிகையின்ட அடியில சவ்வு சின்னச் சின்னக் குமிழியாக் கிள்ளப்பட்டுக் கலத்துக்குள்ள போகுது. குமிழிகள் பல சேர்ந்து ஒரு பைக்குள்ள அடையும். பலகுமிழிப் பை எண்டு சொல்லலாம். அந்தப் பை மறுகா கலத்துக்குள்ள கழிவைச் செரிக்கிற இலைசோசோமோட சேர்ந்து செரிச்சுப்போகும்.

எங்கட கையில அம்பிடுற குடம்பிக்குள்ள இவ்வளவு நடக்குது எண்டு தெரிஞ்ச பிறகு, மூடாத பீப்பாயைக் காணக்குள்ள எனக்கு வேற ஒரு எண்ணமும் வருது. கொல்லத்தான் வேணும், அதில மாற்றமில்ல. ஆனா அதை ஒண்டுமில்லாத புழு எண்டு இப்ப சொல்ல வாய் வராது.

வட்டைக்காரன் | நிந்தவூர் | இரவு 8.25

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் படிச்ச ஆள் இல்ல, வேளாண்மை செய்றன். எங்கட வட்டையில பெரும்போகத்தில அறக்கொட்டியான், நெல்லின்ட சாறு உறிஞ்சுற சின்னப் பூச்சி, விழுந்தா ஒரு கிழமையில வயல் எரிஞ்ச மாதிரி வந்திடும். அதால வாடியில வெளிச்சப்பொறி கட்டி, கீழ தண்ணிச் சட்டி வெச்சி எண்ணிப் பாக்கிற. பொழுதுபட்ட கையோட வாறது கூட. பூரணை நாள்ல பொறிக்கு வாறது குறைவு.

எனக்குக் கேள்வி, இவ்வளவு நுட்பமான கண் வெச்சிக்கொண்டு ஏன் பூச்சி வெளிச்சத்தில வந்து விழுது? கண் கூசிக் குருடாகியா? இன்னொண்டு, எங்கட பக்கம் இப்ப ரோட்டெல்லாம் வெள்ளை எல்ஈடி லைட். வயலோரத்தில விடிய விடிய எரியுது. பொழுதுபட்டது எண்டு அந்தப் பூச்சிட கண்ணுக்கு எப்படித் தெரியும்?

வந்தாறுமூலை மாணவி | இரவு 9.40

வட்டைக்காரன் காக்கா, முதலாவது கேள்விக்குக் கிட்டடியில நல்ல விளக்கம் ஒண்டு வந்திரிக்கி. 2024இல சாமுவெல் ஃபேபியன், யாஷ் சோந்தி ஆக்கள் அதிவேகக் கமராவால விட்டில், தும்பிகளைப் படம் பிடிச்சுப் பாத்தாங்க. பூச்சி வெளிச்சத்தை நோக்கி நேரா வரல்ல. பறக்கக்குள்ள முதுகை வெளிச்சப் பக்கம் திருப்பி வைக்கிது. ராவிலயும் வானம்தான் நிலத்தை விட வெளிச்சம். முதுகு வானத்துக்கு இருந்தா உடம்பு நேரா இரிக்கி எண்டு அர்த்தம். கிட்ட ஒரு பல்பு இருந்தா அதுக்கு முதுகைக் காட்டிக் காட்டியே சுத்தவேண்டி வருது. வந்து அம்பிடுறதுக்குக் குருடாகத் தேவையில்ல. பூரணையில வானமே வெளிச்சமா இரிக்கிறதால உங்கட பல்பு தனியா எடுபடாது எண்டு நான் நினைக்கிறன்.

ரெண்டாவது கேள்விதான் எனக்கு நித்திரையைக் கெடுக்குது. அதை டீச்சருக்கு விடுறன். ஆனா மேல ஒரு விசயம் விடுபட்டிரிக்கி. சவ்வை ஏன் அழிக்கவேணும்? பெரிய வலை பகல்லயும் இருந்திட்டுப் போகட்டுமே. வெளிச்சத்தில அது பழுதாகுது, அதாலதான் கழட்டுது எண்டு நான் சொல்லுவன்.

கல்முனை ஆய்வுகூடம் | இரவு 10.10

பழுது எண்டு சொல்றதை நான் ஏற்கமாட்டன் தங்கச்சி. பழுதெண்டா வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரித் தேயவேணும். சிலந்தி விடிஞ்சு ரெண்டு மணித்தியாலத்தில பெரும்பகுதியை அழிக்கிதே, அவ்வளவு சுறுக்காப் பழுதாகுமா? ராத்திரிக் கண்ணைப் பகல்ல திறந்து வெச்சிருக்கிறது செலவு. ஒளிவாங்கிக் கலம் சவ்வுக்கூடாக உப்பு அயன்களைத் திரும்பத் திரும்பப் பம்ப் பண்ணோணும், அதுக்கு ஏரிபி, கலத்தின்ட சக்திப் பொருள், வேணும். தேவையில்லாத நேரம் கடையை மூடி வைக்கிறதுதான் இது.

வந்தாறுமூலை மாணவி | இரவு 10.55

அண்ணன், செலவு எண்டது உண்மை. ஆனா பழ ஈயில இருந்து ஒரு சாட்சி தாறன்.

எங்கட கண்ணில வெளிச்சம் பட்ட றொடொப்சின் நிறமிழந்து பிரிஞ்சுபோகும், அதைத் திரும்ப ஆக்க விழித்திரைக்குப் பின்னால தனியா ஒரு படை வேணும். ஈயில அப்படியில்ல. பழ ஈயின்ட பிரதான ஒளிவாங்கிகள்ல நீல வெளிச்சம் பட்டா றொடொப்சின் வேற வடிவத்துக்கு மாறி, பிரியாம அப்படியே நிண்டுகொள்ளும். செம்மஞ்சள் வெளிச்சம் பட்டா பழைய வடிவத்துக்கே திரும்பும். ஈயின்ட கண் ஏன் சிவப்பு எண்டு யோசிச்சிருக்கிறீங்களா? அந்தச் சிவப்பு நிறப்பொருள் செம்மஞ்சள், சிவப்பு வெளிச்சத்தை மறிக்காம உள்ள விடுது. பக்கத்தால கசியிற அந்த வெளிச்சம் மாறிப்போன றொடொப்சினைப் பழையபடி ஆக்குது. டொக்கேல ஸ்ரவெங்கா எண்ட நெதர்லாந்துக்காரர் இதில வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர்.

ஆனா எல்லாம் திரும்பிறதில்ல. மாறின றொடொப்சினை அரெஸ்ரின் எண்ட புரதம் வந்து பிடிச்சு அடக்கும். சிலது அப்படியே ஒட்டிக்கொண்டு நிண்டிடும். அந்த ஒட்டின சோடியளைக் கலம் உள்ள இழுத்துச் செரிக்கோணும். மரபணு மாறின ஒரு வகை ஈயில இந்தச் சோடிகள் பிரியாமக் குவியுது, கலம் இழுத்து இழுத்து ஏலாமப்போய்ச் செத்துப்போகுது. அதே ஈயை இருட்டில வளர்த்தா கலம் கனநாள் தாங்கும். சவ்வை எடுக்கிற வேலை ஒரு துப்புரவு வேலையும்தான் எண்டு நான் சொல்றதுக்கு இதுதான் ஆதாரம்.

கல்லடி டீச்சர் | அடுத்த நாள் மாலை 5.20

ரெண்டு பேரும் ரெண்டு வேற வேலையைப் பத்திப் பேசுறீங்க, ரெண்டும் ஒரே வாசலால நடக்கிறதால ஒண்டு மாதிரித் தெரியுது. நாள் முழுக்க வெளிச்சம் பட்ட புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இழுக்கிறது ஒண்டு. அதில தங்கச்சி சரி. விடியக்குள்ளயும் பொழுதுபடக்குள்ளயும் வலையின்ட அளவையே மாத்துறது மற்றது. அதில ஆய்வுகூடத் தம்பி சொல்ற செலவுக் கணக்கும், நான் சொன்ன கூர்மைக் கணக்கும் பொருந்தும். எந்தச் சீவன்ல எது கூட எண்டது மாறும். சிலந்தியிலயும் நண்டிலயும் அளவு மாத்தம்தான் பெரிசு. பாறை நண்டு ஒண்டில, பொழுதுபட்ட கையோட புதுச் சடைமுளைகள் முளைக்கிறதை 1980இல சாலி ஸ்ரோ படம் பிடிச்சுக் காட்டினவ.

மனிசக் கண்ணிலயும் இது இல்லாமலில்ல. மங்கல் வெளிச்சத்தில பாக்க உதவுற கோல்கலத்தின்ட நுனித் தட்டுகள் நாளுக்கு நாள் உதிரும், பின்னால இரிக்கிற படை அதைத் தின்னும், அடியில புதுசா முளைக்கும். முலையூட்டிகள்ல பத்து நாள் அளவில முழுசும் புதுசாகிடும். ரிச்சர்ட் யங் 1967இல கதிர்த்தொழிற்பாட்டு அடையாளம் வெச்சுக் கண்டுபிடிச்சார். ஆனா எங்கட கோல் ராவில நாலு மடங்கு பெருக்கிறதில்ல. எங்களுக்கு உதிர்வு, பூச்சிக்கு அளவு மாத்தமும் சேர்த்து.

வட்டைக்காரன் காக்கா, உங்கட கேள்வியைத்தான் நான் ராவெல்லாம் யோசிச்சன். பொழுதுபட்டதைப் பூச்சி ரெண்டு வழியால அறியிது. கண்ணில விழுற வெளிச்சம் ஒண்டு. உடம்புக்குள்ள ஓடுற 24 மணித்தியால மணிக்கூடு மற்றது. சிலதில மணிக்கூடு கூடப் பேசும், சிலதில வெளிச்சம். வெளிச்சத்தை நம்பிற பூச்சி உங்கட வயலோர லைட்டுக்குக் கீழ பகல் கண்ணோடவே ராவைக் கழிக்கவேண்டி வரும். அதில இருந்து நாலு எட்டு இருட்டுக்குள்ள போனா, அங்க பாக்கிறதுக்கு வேண்டிய சவ்வு கட்டியே இருக்காது. திரை எண்டா நிமிசத்தில விலகும். சவ்வு அப்படியில்ல, நேரம் எடுக்கும். இதாலதான் வயலோரத்து லைட்டை எனக்குப் பிடிக்கிறதில்ல. மறைப்புப் போட்டு ரோட்டுக்கு மட்டும் அடிச்சா என்ன குறைஞ்சுபோகும்?

வட்டைக்காரன் | இரவு 7.45

டீச்சர், ஜஸாக்கல்லாஹு ஹைர். எங்கட வட்டவிதானையிட்ட நாளைக்கே கதைக்கிறன். அறக்கொட்டியானைத் தின்னுற சிலந்தியும் அதே வயல்லதான் இரிக்கி. அதுக்கும் கண் வேணுமே.

திருக்கோவில் மூத்தவர் | இரவு 8.30

பிள்ளைகளே, வாசிக்க வாசிக்கச் சந்தோசமா இரிக்கி. எங்கட சின்ன வயசில மாலைக்கண் வந்த பிள்ளைகளுக்கு அம்மாமார் பொன்னாங்காணியும் முருங்கை இலையும் சமைச்சுக் குடுப்பாங்க. பூச்சிக்கு மாலைக்கண் வருமா?

வந்தாறுமூலை மாணவி | இரவு 9.05

வரும் ஐயா. றொடொப்சின்ல வெளிச்சத்தைப் பிடிக்கிற துண்டு உயிர்ச்சத்து ஏ இல இருந்துதான் வருது, பூச்சிக்கும் எங்களுக்கும். பூச்சியும் அதைத் தானா ஆக்க ஏலாது, இலையில இருந்தோ தின்னுற மற்றதில இருந்தோ வரவேணும். உயிர்ச்சத்து ஏ ஆக உதவுற கரொட்டினொயிட் இல்லாத உணவில வளர்த்த விட்டிலுக்கும் ஈக்கும் கண்ணின்ட உணர்திறன் நல்லாக் குறைஞ்சுபோகும். இன்னொண்டு, பிரதான றொடொப்சினுக்கான மரபணுவே இல்லாத பழ ஈயில அந்தத் தூரிகை ஒழுங்கா உருவாகாமச் சிதைஞ்சுபோகுது. வெளிச்சம் பிடிக்கிற அதே புரதம்தான் சவ்வைத் தாங்கி நிக்கிற மரச்சட்டமும்.

உயர்தரம் அக்கரைப்பற்று | நாலு நாளைக்குப் பிறகு, காலை 10.15

டீச்சர், ஒரு சின்ன வேலை செய்தன். எங்கட வளவு எலுமிச்சையில ஒரு பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி இரிக்கி. பகல்ல கண் இளம்பச்சை, நடுவில ஒரு கறுத்த புள்ளி மட்டும், அதுவும் நான் எந்தப் பக்கம் போனாலும் என்னையே பாக்கிற மாதிரி. ராவு எட்டு மணிக்குப் போய்ப் பாத்தா ரெண்டு கண்ணும் முழுக் கறுப்பு. உம்மா பயந்திட்டா.

மறுகா அதைப் பிடிச்சுக் காத்துப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள்ள விட்டு, கறுத்த துணி சுத்தி, அலுமாரிக்குள்ள வெச்சன். வெளிச்சம் உள்ள போக வழியே இல்ல. ராவு பாத்தன், கறுப்பு. காலை ஒன்பது மணிக்கு அறையையும் இருட்டாக்கி, போனைச் சிவப்புத் தாளால மூடி ஒரு செக்கன் மட்டும் பாத்தன். கண் வெளுத்திருந்திச்சு. சூரியனைக் காணாமலே விடிஞ்சிட்டு எண்டு அதுக்குத் தெரிஞ்சிரிக்கி.

கல்லடி டீச்சர் | காலை 10.40

மகள், கை நடுங்குது எனக்கு. நீங்க பாத்தது நிறப்பொருள் மணிகள்ட நகர்வு, சவ்வில்ல. சவ்வை இலத்திரன் நுணுக்குக்காட்டி இல்லாமக் காண ஏலாது. ஆனா கும்பிடுபூச்சியின்ட கண்நிறம் தொடர் இருட்டிலயும் நாள் கணக்குக்கு மாறும் எண்டு 2014இல ஆய்வுகூடத்தில அளந்து எழுதியிருக்கிறாங்க. அதே விசயத்தை நீங்க அலுமாரிக்குள்ள பாத்திருக்கிறீங்க.

ஒரு பூச்சி, ஒரு காலை காணாது. இண்டைக்கு அதுக்கு இரையும் தண்ணியும் குடுத்து மரத்தில விடுங்க, களைச்சுப்போயிருக்கும். நாளைக்கு வேற ரெண்டைப் பிடியுங்க. ஒண்டை இருட்டிலயும் மற்றதை விடிய விடிய லைட்டுக்குக் கீழயும் வையுங்க. மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுதுங்க, நேரம் போட்டு.

நாவற்குடாத் தோணி | காலை 11.02

தங்கச்சி, மற்றக் கும்பிடுபூச்சி வேணுமெண்டா சொல்லுங்க. எங்கட வளவு மாதுளையில மூண்டு இரிக்கி. பெரியப்பா இப்பவே போத்தல் தேடுறார்.